சாட்சியும் தண்டனையும்

(நாமக்கல் தாலூகாவில் ஒரு கிராமத்தில் செய்த சொற்பொழிவு)



கோர்ட்டு விவகாரத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டீர்கள். நான் வக்கீலல்ல. ஆனாலும் நம் பக்கத்தில் நடந்த ஒரு கேசை வைத்துக்கொண்டே, ஒருவனைக் குற்றவாளி என்பது எப்படி, தண்டனை போடுவது எப்படி என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

நம் ஜனங்கள் ஏதாவது அக்கிரமம் நடந்தால் என்ன சொல்லுகிறார்கள்? "மேலே இருக்கிறவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் கூலி கொடுப்பான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுவோம். 2015-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ந் தேதி ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்கிற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர், இஞ்சினீயரிங் படித்தவர், தன்னோடு படித்த ஒரு கவுண்டர் வகுப்புப் பெண்ணோடு திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குப் போனார். சாமி இருக்கிற இடத்திலிருந்துதான் அவரைக் கொண்டுபோனார்கள். மறுநாள் பள்ளிபாளையத்துப் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். பையில் தற்கொலைக் கடிதம் ஒன்றும் இருந்தது! சேலம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்த பிறகுதான் அது கொலை கேசாயிற்று.

அன்றைய தினம் மலைமேல் நடந்ததற்கு அர்த்தநாரீஸ்வரர் வந்து சாட்சி சொன்னாரா? இல்லை. கோயில் சுவரில் மாட்டியிருந்த காமிரா சொல்லிற்று. அந்த இளைஞரும் தோழியும் அங்கே இருந்ததும், ஒரு ஜாதிப் பேரவையின் தலைவரான யுவராஜும் அவர் கூட்டத்தாரும் அங்கே இருந்ததும் அதில் பதிந்திருந்தது.

ஆனால் மனிதர் சொன்ன சாட்சி என்னவாயிற்று? கூடப் போன பெண் முதலில் மாஜிஸ்திரேட் முன்னால் நடந்ததைச் சொன்னார். பிறகு விசாரணையில் ஏறியதும் மாறிவிட்டார். படத்திலிருப்பது தானே அல்லவென்று சொன்னார்! ஐகோர்ட் 2022-ல் அவரைத் திரும்பக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டியபோதும் அதேதான். கோர்ட்டே அவமதிப்பு நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. இதற்கு அந்தப் பெண்ணை மாத்திரம் வைது என்ன பிரயோஜனம்? அவரைச் சுற்றி வீடும், ஊரும், ஜாதியும் எப்படி நின்றதென்று யோசித்துப் பாருங்கள். நாமக்கல்லில் நடந்துவந்த விசாரணையையே, செத்தவரின் தாயார் கேட்டுக்கொண்டதன்மேல், 2019-ல் மதுரை விசேஷ கோர்ட்டுக்கு மாற்றவேண்டி வந்தது.

சாட்சி பிறழ்ந்தால் கேஸ் செத்தது என்று பலபேர் நினைக்கிறார்கள். அது தப்பு. பிறழ்ந்தவர் சொன்னதில் மற்ற ருசுவோடு ஒத்துப்போகிறதை கோர்ட்டார் எடுத்துக்கொள்ளலாம். கண்ணால் கண்டவர் இல்லாவிட்டாலும், கடைசியாக யாரோடு இருந்தார், எந்த வண்டி, எந்த நேரம் என்கிற சங்கிலி அறுபடாமல் இருந்தால் போதும். ஒரு கண்ணி அறுந்தால் சந்தேகத்தின் பலன் எதிரிக்குத்தான். அப்படித்தான் இருக்கவேண்டும், நாளைக்கு நம் பேரிலும் பொய்க்கேசு வரலாமல்லவா?

2022 மார்ச்சு 5-ந் தேதி மதுரையில் தீர்ப்பு. பதினைந்து பேரில் 10 பேர் குற்றவாளிகள், 5 பேர் விடுதலை. தண்டனை அன்றைக்குச் சொல்லவில்லை. 8-ந் தேதிதான் சொன்னார்கள். இது தாமதமல்ல. குற்றவாளியென்று தீர்மானிப்பது ஒரு காரியம், எவ்வளவு தண்டனை என்பது வேறு காரியம். குற்றவாளியென்று ஆனபிறகு, தண்டனையைப் பற்றி அவன் சொல்லுவதைக் கேட்டே தீரவேண்டுமென்று சட்டம். 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற புதுச் சட்டத்திலும் இது அப்படியே இருக்கிறது.

கொலைக்கு இரண்டே தண்டனைதான்: தூக்கு அல்லது ஆயுள். தூக்கு அபூர்வத்திலும் அபூர்வமான கேசுக்கு மாத்திரமென்று சுப்ரீம் கோர்ட் 1980-ல் சொல்லிவிட்டது. யுவராஜுக்குச் சாகும்வரை சிறையென்று மூன்று ஆயுள் தண்டனை விதித்தார்கள்.

"ஆயுளென்றால் பதினாலு வருஷம்தானே?" என்று டீக்கடையில் பேசிக்கொள்ளுகிறோம். அல்லவே அல்ல. ஆயுளென்றால் ஆயுள்தான். பதினாலு வருஷம் என்பது, கொலைக் கேசில் ஆயுள் பெற்றவனை சர்க்கார் அதற்கு முன்னே கழிவு கொடுத்து விடக்கூடாதென்கிற தடை. அது முடிந்தவுடன் கதவு தானாகத் திறப்பதில்லை.

மநுவின் எட்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். மற்ற ஜாதியானுக்கு உயிர் போகிற குற்றத்துக்குப் பார்ப்பானுக்குத் தலைமயிர் போனால் போதுமாம்! அடிக்கிறவன் ஜாதியைப் பார்த்துத் தண்டனையைக் குறைத்த காலம் அது. இன்றைக்கு 1989-ம் வருஷத்து வன்கொடுமைச் சட்டம், தாழ்த்தப்பட்டவன் என்பதற்காகவே ஒருவனுக்குப் பெருங்குற்றம் செய்தால் ஆயுளுக்குக் குறையக்கூடாதென்கிறது. எவ்வளவு தலைகீழ் மாற்றம்! ஆனால் ருசு வேண்டும். பக்கத்து உடுமலைப்பேட்டையில் 2016-ல் சங்கர் வெட்டிக்கொல்லப்பட்ட கேசில், திருப்பூர் கோர்ட்டு 2017-ல் ஆறு பேருக்குத் தூக்குப் போட்டது. 2020-ல் ஐகோர்ட் ஐந்து பேருக்கு அதை ஆயுளாக்கி, பெண்ணின் தகப்பனாரை விடுதலையே செய்துவிட்டது. சதி செய்தாரென்பது மெய்ப்பிக்கப்படவில்லையாம். நமக்கு வயிறு எரியலாம், வயிற்றெரிச்சல் ருசுவாகாது.

கோகுல்ராஜ் கேசின் அப்பீலில் இரண்டு ஐகோர்ட் ஜட்ஜுகள் 2023 ஜனவரியில் தாங்களே திருச்செங்கோட்டு மலைக்கு ஏறி, கோயிலையும், பிறகு தண்டவாளத்தையும் பார்த்தார்கள். ஜூன் 2-ந் தேதி யுவராஜ் உள்பட எட்டுப் பேரின் ஆயுளை உறுதி செய்தார்கள். இருவருக்கு மட்டும் ஐந்து வருஷமாகக் குறைத்தார்கள்.

நிற்க. "சாட்சி சொன்னால் எங்களை யார் காப்பாற்றுவார்?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் சீட்டெழுதிக் கொடுத்திருக்கிறார். நியாயமான கேள்வி. 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டமொன்று இருக்கிறது. ஒவ்வொரு ஜில்லாவிலும் ஜில்லா ஜட்ஜு தலைமையில் ஒரு கமிட்டி. போலீஸ் தலைவரும் சர்க்கார் வக்கீல் தலைவரும் அதில் உண்டு. மனுப் போட்டால் போலீஸார் ஆபத்து எவ்வளவென்று ரிப்போர்ட்டு கொடுக்கவேண்டும். பேரை மறைத்து வைக்கலாம், வீட்டுக்குக் காவல் போடலாம், எதிரியை நேரில் பாராமல் சாட்சி சொல்லவும் ஏற்பாடு செய்யலாம். அம்மாள் கூட்டம் முடிந்ததும் இருந்தால், மனு எழுதுவது எப்படியென்று உட்கார்ந்தே சொல்லிவிட்டுப் போகிறேன்.