மின்னியலைத் தமிழிற் பயில்வோம்



செருமானிய அறிஞர் ஓம், மின்னோட்ட நெறியை 1827-இல் தம் தாய்மொழியிலேயே நூலாக எழுதினார். நம்மிடம் மட்டும் சொல் இல்லையா? உண்டு! மின்னைத் தள்ளுவது மின்னழுத்தம். கம்பியில் ஓடுவது மின்னோட்டம். அதனை மறிப்பது மின்தடை. அழுத்தம் மிகின் ஓட்டம் மிகும். தடை மிகின் ஓட்டம் குறையும். இதுவே ஓம் கண்ட உண்மை.

ஈரக் கையால் மின்கருவியைத் தொடாதே என்கிறோம். ஏன்? வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு. கை நனைந்தாலும் அது மாறாது. ஆனால் தோலின் தடை குறைகிறது. உடலுட் பாயும் ஓட்டம் மிகுந்து உயிரையே குடிக்கலாம்.

பொருள் விளங்கா அயற்சொல்லை நெட்டுருச் செய்த பிள்ளைக்கு இது தேர்வு வினா; தமிழ்ச்சொல்லால் உணர்ந்த பிள்ளைக்கோ உயிர்க்காப்பு. மின்னியலைத் தமிழிலேயே பயிற்றுவோம், இன்றே தொடங்குவோம்!