நாயின் இதயப்புழு: மருந்துக்கு முன் சோதனை

(குவாஹாட்டியில் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும் துறை அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



நாய்க்கு நோய் என்றதும் வெறிநோய் ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. அது நியாயமே. ஆயினும், இந்த வடகிழக்குப் பகுதியில் ஓசையின்றி நாய்களைக் கொல்லும் இதயப்புழு நோயைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் என்னும் இப்புழுவைப் பரப்புவது கொசு. கொசுக்கடியின் வழியே உட்புகும் இளம்புழு ஆறேழு மாதங்களில் முதிர்ந்து, நுரையீரல் தமனிகளிலும் இதயத்தின் வலப்புறத்திலும் குடிகொள்கிறது. பெண்புழு 25 முதல் 30 செ.மீ. வரை நீளும், 5 முதல் 7 ஆண்டுகள் வாழும். முதலில் இருமல், பிறகு இளைப்பு, கடைசியில் வயிற்றில் நீர். வளர்ப்பவரோ, நாய்க்கு வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வார்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் காவல் நாய் ஒன்றுக்கு, மழைக்காலத்திற்கு முன்பாக டைஎத்தில்கார்பமசின் மாத்திரையின் முதல் வேளையைக் கொடுத்தேன். மனிதரின் யானைக்கால் நோய்க்குத் தரப்படும் அதே மருந்துதான். நாய் திடகாத்திரமாகத் தோன்றியதால் இரத்தத்தைச் சோதிக்கவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் அது தள்ளாடி விழுந்தது, மாலையில் இறந்தது. அதன் இரத்தத்தில் நுண்புழுக்கள் மலிந்திருந்தன. அவற்றின்மீது மருந்து பாய்ந்ததால் ஏற்பட்ட அதிர்ச்சியே அதைக் கொன்றது. காவலாளி என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கழுத்துப்பட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இட்டு நுண்ணோக்கியில் நோக்கியிருந்தால், நெளியும் புழுக்களை அப்போதே கண்டிருப்பேன்.

சொட்டு இரத்தத்தில் தென்படாதவை நாட் முறையில் தென்படலாம். 1 மி.லி. இரத்தத்தை 2 விழுக்காட்டு ஃபார்மலின் 9 மி.லி.யில் கலந்து, சுழற்றி, அடியில் படிவதைப் பார்க்கவேண்டும். நுண்புழு கண்ணில் பட்டாலும் அவசரம் கூடாது. கேரளத்து நாய்களில் காணப்படும் டைரோஃபைலேரியா ரீபென்ஸ் தோலடியில் வாழ்வது. அங்கே மனிதர் கண்ணிலிருந்தும் அதை எடுத்திருக்கிறார்கள். அதன் நுண்புழுவும் ஏறக்குறைய இதே தோற்றம் உடையது. மாறாக, நுண்புழுவே இல்லாத இரத்தத்திலும் முதிர்ந்த புழு மறைந்திருக்கும். அதற்குப் பெண்புழுவின் எதிர்ச்செனியைக் காட்டும் சோதனை உண்டு. தொற்றிய முதல் ஆறு மாதங்களுக்குள் அதுவும் பெரும்பாலும் பிடிபடாது. ஆகவே வளர்ந்த நாயை இன்று சோதித்து, ஆறு மாதம் கழித்து மறுபடியும், பின்னர் ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும்.

இன்று தடுப்புக்கு ஐவர்மெக்டின் மாதம் ஒருமுறை போதும். கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். முந்திய மாதத்தில் புகுந்த இளம்புழுக்களை அது அழிக்கும். இம்மருந்துக்கு வழிகண்ட கேம்பெல், ஓமுரா இருவரும் 2015இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். மாட்டுக்குரிய ஊசிமருந்தைக் கண்ணளவில் நாய்க்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காலி இன நாய்கள் பலவற்றுக்கு மிகையளவு நரம்பையே தாக்கும்.

அடுத்த அறையில் நுண்ணோக்கியும் மூன்று நாய்களின் இரத்தமும் வைக்கப்பட்டுள்ளன. எது எந்த நாயினுடையது என்று நான் சொல்லப்போவதில்லை; வந்து பாருங்கள்.