இலவசச் சீட்டு மட்டும் போதாது, பேருந்தும் வேண்டும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள புத்தலப்பட்டு ஒரு நகரமன்று. அது ஒரு மண்டலத் தலைமையிடம், தனித்தொகுதி. ஆயினும் அதன் மக்களுடைய வாழ்க்கை இரு நகரங்களோடு பிணைந்துள்ளது. கட்டுமானக் கூலிகளும் மாங்கூழ் ஆலைத் தொழிலாளர்களும் வேலைக்காக நகரத்தை நாடுகின்றனர். கடும் நோய் கண்டவர் திருப்பதி ரூயா மருத்துவமனைக்கோ வேலூருக்கோ செல்ல வேண்டும். மேற்படிப்புக்குத் திருப்பதிப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. எனவே நகரப் போக்குவரத்து என்பது நகர எல்லையோடு முடிந்துவிடும் பிரச்சினையன்று.

பேருந்து, ரயில், ஷேர் ஆட்டோ, இருசக்கர வாகனம் என வகைகள் பல உள்ளன. வகைகள் பல இருப்பதாலேயே ஏழைக்குத் தெரிவு இருக்கிறது என்று பொருளாகாது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட கூலிப்பெண்ணுக்கு எஞ்சுவது ஆட்டோ ஒன்றே. அன்றைய கூலியில் ஒரு பகுதி அதற்கே போய்விடுகிறது. தவணைக்கு வாங்கிய இருசக்கர வாகனமோ குடும்பத்தின் கடனைப் பெருக்குகிறது.

2025 ஆகஸ்ட் 15 அன்று ஆந்திர அரசு 'ஸ்த்ரீ சக்தி' திட்டத்தைத் தொடங்கியது. பல்லெவெலுகு, எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட பேருந்துகளில் பெண்களும் திருநங்கைகளும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். இது வரவேற்கத்தக்கது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய இத்தகைய திட்டத்தால் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் சேமிப்பதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டறிந்தது. உழைக்கும் குடும்பத்தில் அத்தொகை பாலாகவும் மருந்தாகவும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமாகவும் மாறுகிறது.

ஆனால் இடைநில்லாப் பேருந்துகளும் மாநில எல்லையைக் கடக்கும் பேருந்துகளும் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. சிகிச்சைக்காக வேலூர் செல்லும் புத்தலப்பட்டுப் பெண்ணுக்கு எல்லைக்கு அப்பால் சலுகை இல்லை. அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. கூடுதல் பேருந்துகளும் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் இன்றிச் சலுகையை மட்டும் அறிவித்தால், சுமை யார் தலையில் விழும்? நெரிசலில் நிற்கும் பயணியின் தலையிலும், ஓய்வின்றிப் பணியாற்றும் தொழிலாளியின் தலையிலும்தான்.

ரயிலின் கதையும் இதுவே. காட்பாடி–பாகாலா–திருப்பதி தடம் இப்பகுதி வழியாகவே செல்கிறது. ஏழைகளின் வாகனமான பாசஞ்சர் ரயில்களைக் கொரோனா காலத்தில் நிறுத்திய ஒன்றிய அரசு, பின்னர் அவற்றை 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் மாற்றிக் குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக்கியது. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான்.

மறுபுறம், சாலைகளுக்குப் பணம் தடையின்றிப் பாய்கிறது. சித்தூரிலிருந்து சென்னை அருகேயுள்ள தச்சூருக்கு ஆறுவழிச் சாலை. பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையும் இம்மாவட்டத்தின் வழியே. வாகனங்களையன்று, மக்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. நடைமுறையில் நகர்வது சரக்கும் காரும்; நிலத்தை இழந்த விவசாயியோ பேருந்துக்காகக் காத்து நிற்கிறார்.

மின்பேருந்துகள் புகையைக் குறைக்கும், அவை தேவை. ஆனால் பேருந்து தனியாருடையது, கிலோமீட்டர் கணக்கில் வாடகை தருவது அரசு என்ற ஏற்பாடு, பொதுத்துறைக் கழகத்தைப் படிப்படியாக வெறும் வாடகைதாரராக்கிவிடும். லாபமில்லாத கிராமத் தடத்தை இயக்க எந்தத் தனியார் முதலாளி முன்வருவார்?

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. ஆலை நேரத்துக்கும் கல்லூரி நேரத்துக்கும் ஏற்பக் கிராமத் தடங்களில் பேருந்துகளைப் பெருக்க வேண்டும். காலிப் பணியிடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். மின்பேருந்துகளைப் பொதுத்துறையே வாங்கி இயக்க வேண்டும். எல்லை கடந்து மருத்துவமனை செல்வோருக்குச் சலுகை வழங்க இரு மாநில அரசுகளும் உடன்பாடு காண வேண்டும். சிறு நிலையங்களில் பாசஞ்சர் ரயில்கள் நின்று செல்ல வேண்டும்.

தோழர்களே! பேருந்து நிறுத்தத்தில் ஒன்றாகக் காத்து நிற்பவர்கள் ஒன்றாகக் குரல் எழுப்பவும் முடியும். பயணிகளும் போக்குவரத்துத் தொழிலாளர்களும் ஒரே அணியில் திரளும்போதுதான் இலவசச் சீட்டு உண்மையான உரிமையாகும்.