கத்தரிக்கோல் யார் கையில்?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'இந்தப் புத்தகம் உங்களுக்காகவே போட்டது' என்று ஒருத்தன் வந்து கொடுத்தால் நமக்கு ஒரு சந்தோஷம் வரும். இவ்வளவு நாளா யாரும் நம்மள வாசகனா மதிக்கலியே, இவன் மதிச்சிட்டானேன்னு தோணும். அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சிட்டு, யார் போட்டான், எதுக்குப் போட்டான், எதை விட்டுட்டுப் போட்டான்னு கேக்கணும். வேதப் புத்தகமா இருந்தா கண்டிப்பாக் கேக்கணும்.

1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள நீக்ரோ அடிமைகளுக்கென்று தெரிந்தெடுத்த பகுதிகள் என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். இன்று அதற்கு 'அடிமை பைபிள்' என்று பெயர். புரொட்டஸ்டன்ட் பைபிளில் 1189 அதிகாரங்கள் உண்டு. இதில் இருப்பவை 232. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கும் புதிய ஏற்பாட்டில் பாதியும் காணோம்.

எதை வெட்டினாங்கன்னு பாருங்க. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த ஜனங்களை மோசே மீட்டுக்கொண்டு போன கதை இல்லை. மனுசனைத் திருடி விக்கிறவனுக்கு மரண தண்டனை என்று யாத்திராகமத்தில் ஒரு சட்டம் இருக்கிறது, அது இல்லை. அடிமைக்கும் அடிமையல்லாதவனுக்கும் பேதம் கிடையாதென்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய இடம் இல்லை. ஆனால் அடிமைகள் எஜமானுக்குப் பயந்து கீழ்ப்படியச் சொல்கிற எபேசியர் நிருபப் பகுதி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இதை அச்சிட்டது, அடிமைகளை மதம் மாற்றுவதற்கென்று லண்டன் பிஷப் பீல்பி போர்ட்டியஸ் தொடங்கிய சங்கம். அந்தப் பிஷப் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பேசியவர். கெட்டவர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. ஆனா தோட்ட முதலாளி கேட்டைத் திறந்துவிட்டால்தானே புத்தகம் உள்ளே போகும்? 1791இல் ஹெய்டி அடிமைகள் எழுந்து, 1804இல் சொந்த நாட்டையே அமைத்துவிட்டார்கள். அந்தப் பயம் முதலாளிகளை விடவில்லை. மோசே கதையைப் படிச்சவன் கரும்பு வெட்டுற கத்தியை வேற எதுக்குத் தூக்குவானோ! வாசகன் அடிமை, வாங்குகிறவன் முதலாளி. புத்தகம் வாங்குகிறவனுக்குத் தக்கபடி தயாரானது.

அது பழைய கதை, இப்ப யாரும் வெட்டுறதில்லையேன்னு கேக்கலாம். இப்போது கத்தரிக்கோலுக்குப் பதில் பசை. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் பைபிள் ஏற்கெனவே இருக்கிறது. இருக்கிறவனுக்கே இன்னொன்று விற்கணும்னா என்ன வழி? வாசகனைக் கூறு போடணும். 2003இல் தாமஸ் நெல்சன் நிறுவனம் இளம்பெண்களுக்கென்று 'ரிவால்வ்' என்ற பெயரில் புதிய ஏற்பாட்டை ஃபேஷன் பத்திரிகை மாதிரியே போட்டது. சுவிசேஷத்துக்குப் பக்கத்திலேயே அழகுக் குறிப்பு. 2009இல் அதே நிறுவனம் தேசபக்தர்களுக்கு ஒரு பைபிள் போட்டது; வசனங்களுக்கு நடுவே அமெரிக்க வரலாற்றுப் பெருமை. இந்த நிறுவனம் பிறகு ஹார்ப்பர்காலின்ஸ் கைக்குப் போனது. அதாவது பத்திரிகை முதலாளி மர்டாக் குடும்பத்தின் கைக்கு. 2024இல் டிரம்ப் ஒரு பைபிளை வாங்கச் சொல்லி விளம்பரம் செய்தார். அரசியல் சட்டத்தையும் சேர்த்துத் தைத்த அதன் விலை அப்போது 59.99 டாலர்.

இவற்றில் மூலத்திலிருந்து ஒரு வரியும் குறையவில்லை. குறிப்பு, படம், அட்டை, முன்னுரை இவைதான் வேலை செய்கின்றன. எதைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டுறான், எதைக் குறிப்பே இல்லாமத் தாண்டிப் போறான் என்பதில் இருக்கிறது அரசியல். ஏழைக்குப் பரிந்து பேசுகிற வசனம் அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குப் படாது.

அப்படியானால் தனக்கென்று ஒரு பதிப்பு வைத்துக்கொள்வதே தப்பா? இல்லை. 1993இல் கெய்ன் ஹோப் ஃபெல்டர் என்ற கறுப்பின அறிஞரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆப்பிரிக்க மரபு ஆய்வுப் பைபிள் வெளிவந்தது. பைபிளுக்குள் இருக்கிற ஆப்பிரிக்காவை, எத்தியோப்பியாவை, வெள்ளைப் படங்கள் மறைத்ததை அது எடுத்துக்காட்டியது. அதுவும் விற்பனைக்கு வந்த சரக்குதான். ஆனால் குறிப்பு எழுதிய கை வேறு.

இதற்கும் முன்னால் ஒரு கிழவி இருக்கிறாள். ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பினச் சிந்தனையாளரின் பாட்டி. அடிமையாகப் பிறந்தவள், எழுத்தறியாதவள். பேரன்தான் அவளுக்குப் பைபிள் படித்துக் காட்டுவான். பவுலின் நிருபங்களை மட்டும் படிக்க விடமாட்டாள். அன்பைப் பற்றிய அந்த ஒரு கொரிந்தியர் அதிகாரத்துக்கு மட்டும் எப்போதாவது அனுமதி உண்டு. ஏன் என்று அவர் பெரியவனான பிறகு கேட்டார். எஜமானின் பாதிரி வருசத்துக்கு மூணு நாலு தடவை வந்து, அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்று பவுலை வச்சே பிரசங்கம் பண்ணுவாராம். விடுதலை கிடைத்து எழுத்தும் வாய்த்தால் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை என்று அன்றே கர்த்தரிடம் சொல்லிவிட்டாளாம். லண்டனில் வெட்டியதும் வெட்டு, இவள் வெட்டியதும் வெட்டு. ரெண்டும் ஒண்ணா?

அந்தத் தர்மன் 1935இல் கொழும்புக்கு வந்தபோது, உன் ஜனங்களை விற்றவர்களின் மதத்தில் உனக்கென்ன வேலை என்று அங்கே ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். 1949இல் அவர் எழுதிய 'இயேசுவும் உடைமை பறிக்கப்பட்டோரும்' என்ற நூலில் இந்தக் கேள்வியும் இருக்கிறது, பாட்டியும் இருக்கிறாள்.

நமக்கு இங்கே வெட்டின புத்தகம்கூடக் கொடுக்கலை. வேதம் காதில் விழுந்தாலே தண்டனை என்று தர்ம சாத்திரம் எழுதினான். அம்பேத்கர் என்ன செய்தார்? சாத்திரத்தின் அதிகாரத்தையே உடைக்கச் சொன்னார். பௌத்தத்துக்குப் போனபோதும் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டுதான் சித்தார்த்தன் வீட்டைவிட்டுப் போனான் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போட்ட சண்டையில், போர் வேண்டாம் என்று நின்றதால் போனான் என்று எழுதினார். 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அது இருக்கிறது.

ஆகவே, நம்ம தெருவுக்கென்றே தனிப்பதிப்பு போட்டு எந்த மதத்துக்காரன் எடுத்து வந்தாலும் வாங்கிப் படிங்க, வேண்டாம்னு சொல்லலை. கூடவே முழுப் புத்தகத்தையும் தேடி எடுத்து பக்கத்தில் வச்சுப் பாருங்க. எது காணாமல் போயிருக்கிறதோ, அது எவனையோ பயமுறுத்தியிருக்கிறது. முதலில் அதைப் படிங்க.