வரைகோடு மறைந்தால் வேலை நின்றதாகுமா?

காலையில் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பாலையும் ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்தவருக்கு, மாத முடிவில் செக்ரோலில் அந்த ஒரு நாள் இல்லையென்றால் வீட்டில் எத்தகைய கலக்கம் உண்டாகும் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வேலை நடந்திருக்கிறது, ஏட்டில்தான் அது இல்லை. கங்காணி சொல்ல மறந்தாரா, கிராணி எழுத மறந்தாரா என்று ஒவ்வோரிடமாகப் போய்க் கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

இன்று நம் பிள்ளைகளில் சிலர் கணினி அறைகளில் வேலை பார்க்கிறார்கள். "இராத்திரி முழுக்க ஏதோ கோடுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறானாம்" என்று தாய்மார் சொல்ல நாம் கேட்டதுண்டு. சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு முதலியவற்றைத் தொகுத்து வைக்கும் கணினி ஏட்டைத் தரவுத்தளம் என்கிறோம். அதற்கு எவ்வளவு வேலைப்பளு இருக்கிறது என்பதைக் கண்காணிப்புத் திரை வரைகோடுகளாகக் காட்டும். ஒருநாள் அந்தக் கோடுகள் காணாமற் போனால் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு.

ஓர் அலுவலகத்தில் நாமே கண்டது இது. சம்பளம் போடும் நாளுக்கு முதல்நாள் இரவு, திரையில் கோடு எதுவும் இல்லை. காவலிலிருந்த தம்பி பதறிப்போய், தரவுத்தளத்தையே நிறுத்தித் திரும்பத் தொடங்கிவிட்டார். ஓடிக்கொண்டிருந்த சம்பளக் கணக்கு பாதியில் அறுந்தது. தரவுத்தளமோ அதுவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, நினைவகத்தில் இருந்த அன்றைய பதிவுகளும் அந்த மறுதொடக்கத்தில் அழிந்துபோயின. அவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அங்கிருந்தது ஆரக்கிள் என்னும் தரவுத்தளம். அதன் 12சி பதிப்பு 2013இல் வந்தபோது, எண்டர்பிரைஸ் மேனேஜர் எக்ஸ்பிரஸ் என்ற கண்காணிப்புத் திரையும் உடன் வந்தது. அந்தத் திரை படம் வரைவதற்கு ஃபிளாஷ் பிளேயரை நம்பியிருந்தது. ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் படங்கள் ஓடாதபடி தடுத்தும் விட்டது. களஞ்சியத்தில் எண்கள் இருந்தன. வரைகிற கைதான் இல்லாமற் போயிற்று. ஃபிளாஷ் வேண்டாத புதிய திரை 19சி பதிப்பில் வந்தது.

ஆகவே முதற்கேள்வி, வேலை நடக்கிறதா என்பதே. திரையை விட்டுவிட்டு, எஸ்க்யூஎல் பிளஸ் வழியாகத் தரவுத்தளத்தையே நேரில் கேட்கலாம். 'ஓப்பன்' என்று அது தன் நிலையைச் சொன்னால் திறந்துதான் இருக்கிறது. கணக்கு ஓடுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அதன்பின் அவசரப்பட வேண்டியதில்லை.

அடுத்து, பதிவு நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆரக்கிளில் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் லெவல்' என்று ஓர் அமைப்பு உண்டு. வழக்கமாக அது 'டிபிக்கல்' என்றிருக்கும். யாரேனும் வேகம் கூடும் என்றெண்ணி அதைப் 'பேசிக்' என்று மாற்றிவிட்டால், குறிப்பெடுக்கும் வேலையில் பெரும்பகுதி நின்றுவிடும். கிராணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செக்ரோலைத் தேடுவது போன்றதே இது. கண்டறியும் கருவித்தொகுப்புக்கு அனுமதி தரும் அமைப்பு வேறொன்று. அது 'நன்' என்றிருந்தாலும் கோடுகள் வாரா. ஆனால் இதில் கை வைக்குமுன் மேலாளரைக் கேட்பதே முறை. அந்தத் தொகுப்புக்குத் தனி உரிமக் கட்டணம் உண்டு. கட்டாமல் திறந்துவிட்டால் பிறகு பில் வரும்.

பதிவு எழுதப்பட்டும் தங்காமற் போவதுண்டு. வழக்கமான அமைப்பில் மணிக்கு ஒருமுறை ஒரு தொகுப்புக் குறிப்பு எடுக்கப்பட்டு, எட்டு நாள் வைத்திருக்கப்படும். பத்து நாளுக்கு முந்தைய கோட்டைத் தேடினால் கிடைக்காது, அது பழுதன்று. அந்தக் குறிப்புகள் தங்கும் இடத்துக்குச் சிஸ்ஆக்ஸ் என்று பெயர். அந்த இடம் நிரம்பிவிட்டால் புதிய குறிப்பு ஏறாது. தாள் தீர்ந்த ஏட்டில் எழுத முடியாதல்லவா?

திரையில் தேர்ந்தெடுத்த நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளைய தேதியைப் போட்டுவிட்டு வெறுந்திரையைப் பார்த்து வியர்த்தவர்கள் உண்டு. நாமும் ஒருமுறை அப்படி வியர்த்தவர்களே!

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பழுதைத் திருத்தியவுடனே பழைய கோடு திரும்பி வராது. எழுதப்படாத மணிநேரங்கள் வெற்றிடமாகவே இருக்கும். மணிக்கொரு குறிப்பு என்பதால், ஒப்பிட்டு அறிக்கை எடுக்கக் குறைந்தது இரண்டு குறிப்புகள் வேண்டும்; அதுவரை பொறுத்திருக்கத்தான் வேண்டும். அந்த இடைவெளியில், எத்தனை மணிக்கு எதைப் பார்த்தோம், எதை மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், காலையில் வேலைக்கு வருபவர் முதலில் இருந்து தேட வேண்டியிராது.