ஆதார் கார்டு போட்டோ மட்டும் போதுமாக்கா?

(வேதாரண்யம் பகுதியில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

தீர்மான நோட்டைக் கொஞ்சம் மூடி வைங்க. கடன், தவணை, வட்டிக் கணக்கு எதுவும் இப்ப நான் பேசப் போறதில்லை. போட்டோவைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி நம்ம குழு ஒண்ணுல ஒரு அக்கா தவறிப் போனாங்க. பேர் வேண்டாம், இங்கே பல பேருக்குத் தெரியும். தலைமாட்டுல வைக்க ஒரு படம் வேணும்னு மகள் வீடெல்லாம் தேடுறா. பீரோவுல இல்லை, டிரங்குப் பெட்டியில இல்லை. கல்யாண ஆல்பம் 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல்ல ஓடு பறந்தப்பவே ஊறிப் போச்சு. மருமகன் போன்ல இருந்த படமெல்லாம் போன் உடைஞ்சதோட சரி. கடைசியா கிடைச்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு ஆதார் கார்டு. இன்னொண்ணு பேங்க் லோன் வாங்கினப்ப பேனரைப் பிடிச்சுக்கிட்டு நின்ன குரூப் போட்டோ. அதுல அந்த அக்கா பின்வரிசையில நிக்கறாங்க, முகம் மிளகு அளவு.

வேற வழியில்லாம ஆதார் படத்தைப் பெரிசு பண்ணினாங்க. முகத்தை வெள்ளை வெளேர்னு ஆக்கி, கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தரோட பட்டுப்புடவையை ஒட்டி, பின்னாடி ரோஜாத் தோட்டம் வச்சு ஃபிரேம் போட்டு வந்துச்சு. மாலை போடற நேரத்துல அந்தப் பொண்ணு சொன்னா, "இது எங்கம்மா இல்லை."

நான் பக்கத்துலதான் நின்னேன். இன்னொரு உண்மையும் சொல்லிடறேன். அந்தக் குரூப் போட்டோவை எடுத்ததே நான்தான். அறிக்கைக்கு பேனர் எழுத்து தெரியணும்னு பார்த்தேனே தவிர, முகம் தெரியணும்னு நான் பார்க்கலை. எட்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன், இப்படி எத்தனை படம் எடுத்திருப்பேன்னு அன்னிக்கு ராத்திரி நினைச்சுப் பார்த்தேன். அதனாலதான் இந்தப் பேச்சு.

போட்டோ எடுக்கலாம் வாங்கக்கான்னு கூப்பிட்டா நீங்க சொல்ற பதில் எனக்கு மனப்பாடம். "நான் எதுக்கு, பிள்ளைங்களை எடு." "கறுப்பா இருக்கேன், போட்டோவுல விழ மாட்டேன்." "பல்லு போச்சு." அந்தக் காலத்துல போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு சொல்வாங்க. இப்ப அதை யாரும் நம்பலை, ஆனா பொம்பளைங்க விலகி நிக்கிறது மட்டும் போகலை. அதுலயும் வீட்டுக்காரரை இழந்தவங்க, விசேஷத்துல கேமராவைப் பார்த்தா தானா நகர்ந்து தூணுக்குப் பின்னாடி போயிடறாங்க. யாரும் போகச் சொல்றதில்லை. இருங்கன்னும் யாரும் சொல்றதில்லை. மகளோட கல்யாண ஆல்பத்துல பெத்த தாய் இல்லாத வீடு நம்ம ஊர்ல எத்தனைன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

"நான் போட்டோவுல நல்லா இருக்க மாட்டேன்" என்பதுக்கு ஒரு சின்னக் காரணம் இருக்கு. தினம் நாம நம்ம முகத்தைக் கண்ணாடியில பார்க்கிறோம். கண்ணாடியில இடது வலது மாறித் தெரியும். வகிடு, மூக்குத்தி எல்லாம் அந்தப் பக்கத்துல பார்த்தே பழகிடுச்சு. போட்டோவுல அது நேராகும்போது ஏதோ கோணலா இருக்கிற மாதிரி நமக்குத் தோணுது. மத்தவங்க தினமும் பார்க்கிறது அந்தப் போட்டோவுல இருக்கிற முகத்தைத்தான். அதனால உங்க படம் நல்லா இருக்கான்னு மகளையோ தங்கச்சியையோ கேளுங்க, நீங்களே தீர்ப்பு சொல்லாதீங்க.

இன்னொரு காரணம் தூரம். கையை நீட்டி செல்ஃபி எடுத்தா போன் முகத்துக்கு ஒண்ணரை அடியில இருக்கு. காதைவிட மூக்கு போனுக்குக் கிட்ட இருக்கிறதால மூக்கு பெரிசாவும், முகம் ஒடுங்கியும் விழும். போனை இன்னொருத்தர் கையில குடுங்க. அவங்க ஐந்தாறு அடி தள்ளி நின்னு, உங்க கண் உயரத்துக்குப் போனைப் பிடிக்கட்டும். முகம் சின்னதா தெரியுதேன்னா கொஞ்சம் ஜூம் பண்ணலாம், இல்லாட்டி எடுத்த பிறகு ஓரத்தை வெட்டிக்கலாம். நீங்க உக்காந்திருந்தா எடுக்கிறவங்களும் குனியணும். மேலேருந்து எடுத்தா நெத்தி பெரிசாகும், கீழேருந்து எடுத்தா தாடை பெரிசாகும். அதுக்கும் முன்னாடி, போனுக்குப் பின்னாடி இருக்கிற கண்ணாடியை முந்தானையால ஒரு துடை துடைச்சிடுங்க. இட்லி மாவு, எண்ணெய், மீன் பிசுக்கு எல்லாம் அதுலதான் இருக்கு. படம் மங்கலா வருதுன்னு போனைத் திட்டறவங்க பாதிப் பேர் அதைத் துடைச்சதே இல்லை.

வெளிச்சம்தான் எல்லாத்தையும்விட முக்கியம். நாம கூட்டம் முடிச்சு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெட்டவெளியில நின்னு எடுக்கிறோம். உச்சி வெயில்ல கண்ணுக்குழியும் மூக்குக்குக் கீழேயும் கறுத்துப் போகும், கண்ணும் சுருங்கிடும். காலையில ஒன்பது மணிக்குள்ள, சாயங்காலம் நாலரைக்கு மேல, நிழலான திண்ணையில முகம் வெளிப் பக்கம் பார்க்க உக்காருங்க. ஜன்னல் ஓரமும் நல்ல இடம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காராதீங்க, ஜன்னல் வெளிச்சம் கன்னத்துல படற மாதிரி கொஞ்சம் திரும்பி உக்காருங்க. பாதி முகம் வெயில்லயும் பாதி நிழல்லயும் இருக்கக் கூடாது. தார்ப்பாய்க்குக் கீழே எடுக்காதீங்க. கஜாவுக்கு அப்புறம் நம்ம பக்கம் எடுத்த படத்துல எல்லாம் பல பேர் முகம் நீலமா இருக்கும், பார்த்திருப்பீங்க. தார்ப்பாய் நீலம் அப்படியே முகத்துல இறங்கிடும்.

நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை. சுண்ணாம்பு அடிச்ச வெள்ளைச் சுவர், வானம் மாதிரி பளிச்சுனு இருக்கிற இடம் பின்னாடி இருந்தா, வெளிச்சம் அதிகம்னு போன் நினைச்சுக்கிட்டு எல்லாத்தையும் இருட்டாக்கிடும். அதுலதான் நம்ம முகம் அடிபடுது. நிறத்து மேல குத்தம் இல்லை. மண் சுவர், பச்சை கதவு, தென்னந்தோப்பு நிழல் மாதிரி கொஞ்சம் அடங்கின நிறம் பின்னாடி இருக்கட்டும். எடுக்கும்போது திரையில முகத்தின் மேல விரலால ஒரு தட்டு தட்டுங்க. முகத்துக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் மாறும். போன்ல பியூட்டின்னு ஒண்ணு இருக்கும், அதை பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துடுங்க. தழும்பு, மச்சம், சுருக்கம் எல்லாத்தையும் அது வழிச்சு எடுத்துடும். ஸ்டூடியோவுல குடுக்கும்போதும் "வெள்ளையாக்க வேண்டாம், உள்ளபடி போடுங்க"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்லலைன்னா ஆக்கித்தான் குடுப்பாங்க, கேட்டா அது உபசாரம்னு சொல்வாங்க.

சிரிங்க சிரிங்கன்னு சொன்னா யாருக்கும் சிரிப்பு வராது. போனைத் தயாரா வச்சுக்கிட்டு, பேரன் பண்ற சேட்டையைப் பத்தி ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்ல வாயெடுக்கும்போது எடுங்க. ஒரே படத்தோட நிறுத்தாம பத்து எடுங்க, காசா பணமா. அதுல ஒண்ணு நிச்சயம் நீங்களா இருப்பீங்க. பல் தெரிய வேண்டாம்னா வாயை மூடிச் சிரிச்சாலும் அழகுதான், கையால மூடாதீங்க. புடவை புதுசா இருக்கணும்னு அவசியமில்லை. தினம் கட்டறதுல பிடிச்சதைக் கட்டுங்க. மார்பளவு ஒண்ணு, முழு உருவம் ஒண்ணு, உங்க வேலையோட ஒண்ணு: ஆடு மேய்க்கறதோ, உப்பளமோ, தையல் மெஷினோ. என் அம்மாவுக்கு நான் எடுத்ததுல எல்லாருக்கும் பிடிச்சது முறத்துல அரிசி புடைக்கற படம்தான்.

"போன்லதான் இருக்கே, பிரிண்ட் எதுக்கு?" இந்தக் கேள்வியை ஒரு தங்கச்சி முன்னாடியே கேட்டுட்டா. போன் தண்ணியில விழும், தொலையும், புதுசு வாங்கும்போது பழசைக் குடுத்துடுவோம். நல்ல படத்தை மட்டுமாவது பிரிண்ட் போட்டுடணும். 4க்கு 6 இஞ்ச் ஒரு பிரிண்ட் போடற செலவு டீ, வடை செலவு மாதிரிதான். ஸ்டூடியோவுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்புல சாதாரணமா அனுப்பினா படத்தை அது சுருக்கிடும். சின்ன பிரிண்டுக்கு ஓரளவு தாங்கும், சுவத்துல மாட்டற அளவுக்குப் பெரிசு பண்ணினா கலங்கிடும். டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்லாட்டி போனையே எடுத்துட்டுப் போய் கேபிள் போட்டு ஏத்தச் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் அவங்க கம்ப்யூட்டர்ல இருந்து உங்க முன்னாடியே அழிக்கச் சொல்லுங்க. இதுல கூச்சப்பட ஒண்ணுமில்லை. படத்தை யாராவது தப்பா பயன்படுத்தி மிரட்டினா 1930க்கு போன் பண்ணலாம், பெண்கள் உதவிக்கு 181 இருக்கு. அந்தப் பயத்துக்காகப் படமே எடுக்காம இருக்க வேண்டாம்.

கலர் ஜெராக்ஸ் மாதிரி சாதாரணத் தாள்ல போட்டுத் தர்றதை வாங்காதீங்க. லேப்ல போட்டோ பேப்பர்ல கழுவின பிரிண்ட்டுன்னு கேட்டு வாங்குங்க. மை தெளிக்கற பிரிண்ட் பலதும் ஈரக்கை பட்டாலே கரையும்.

வாங்கினதை எப்படி வைக்கிறது? இருக்கிறது ஒரே பிரிண்ட்டுன்னா லேமினேஷன் பண்ணாதீங்க. சூடு வச்சு ஒட்டினதைத் திரும்பப் பிரிக்க முடியாது, ஓரம் விட்டுப்போனா ஈரம் உள்ளே போய் அங்கேயே தங்கிடும். பக்கத்துல பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடற ஆல்பம் இருக்கே, அதுவும் வேண்டாம். நாளாக ஆக பசை மஞ்சளாகி, படத்தை எடுக்கப் போனா பிய்யும். பை பையா இருக்கிற ஆல்பம் நல்லது, அதுவும் இல்லைன்னா சாதாரண காகிதக் கவர் போதும். பின்னாடி பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதினா முன்பக்கம் தடம் விழும். இப்ப வர்ற வழவழத் தாள்ல பென்சிலும் பிடிக்காது. பேர், ஊர், வருஷத்தைக் கவர்ல எழுதி, அப்புறமா படத்தை உள்ளே போடுங்க. இந்த எழுதற வேலையைத் தள்ளிப் போடாதீங்க. என் பாட்டி வீட்டுப் பெட்டியில அஞ்சு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கு, அருமையா இருக்கு. அதுல இருக்கிறவங்க யாருன்னு சொல்ல இப்ப ஆள் இல்லை.

சுவத்துல மாட்டற படம்னா, கண்ணாடி படத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. நம்ம கடலோரக் காத்து ஈரத்துல ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும். நடுவுல தடிச்ச அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்க. நேர் வெயில் படற சுவர், அடுப்புப் புகை வர்ற சுவர், மழையில ஓதம் ஏறற சுவர் மூணும் ஆகாது. குங்குமம் வைக்கிறது, பூ வைக்கிறதெல்லாம் நம்ம வழக்கம், வைங்க. ஆனா தண்ணி சொட்டச் சொட்ட மாலையைப் போட்டா அது ஃபிரேம் வழியா இறங்கும். கீழ் ஓரத்துல அலை அலையா கறை இருக்கிற சாமி படம், தாத்தா படம் எல்லாம் அப்படி ஆனதுதான்.

புயல் நமக்குப் புதுசில்லை, அதனால இதைக் கவனமா கேளுங்க. நனைஞ்ச போட்டோக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா இழுத்துப் பிரிக்காதீங்க. சுத்தமான குளிர்ந்த தண்ணியில போட்டா கொஞ்ச நேரத்துல தானா விடும். படம் இருக்கிற பக்கத்தைத் தேய்க்காம மெதுவா அலசி, துணிக் கிளிப்புல கொடியில மாட்டுங்க, இல்லாட்டி வெள்ளைத் துணி மேல படம் மேல் பக்கமா வச்சு நிழல்ல உலர்த்துங்க. செய்தித்தாள் மேல வைக்காதீங்க, மை ஒட்டும். ரெண்டு நாளைக்குள்ள செய்யணும், அதுக்கு மேல பூஞ்சை பிடிச்சிடும். 2011இல் ஜப்பான்ல ஆழிப்பேரலை வந்தப்ப சேத்துல கிடந்த போட்டோக்களை தன்னார்வலர்கள் இப்படித்தான் லட்சக்கணக்குல அலசி உலர்த்தி, சொந்தக்காரங்களைத் தேடிக் குடுத்தாங்க. இங்கே 2018ல எங்க வீட்டு ஆல்பத்தை ஊறிப் போச்சுன்னு நானே குப்பையில போட்டேன். அப்ப எனக்கு இது தெரியாது. எம்.எஸ்.டபிள்யூ. படிப்புலயும் இதைச் சொல்லித் தரலை.

ஒரே வீட்டுல எல்லாப் பிரதியையும் வைக்காதீங்க. ஒண்ணு உங்க வீட்டுல, ஒண்ணு அம்மா வீட்டுலயோ கட்டிக் குடுத்த மகள் வீட்டுலயோ. மூணாவது நம்ம குழுப் பெட்டியில இருக்கட்டும்னு நினைக்கிறேன். பாஸ்புக், தீர்மான நோட்டு இருக்கிற பெட்டியில ஒரு கவருக்கா இடம் இல்லை?

அடுத்த மாசக் கூட்டத்தைப் பதினோரு மணிக்குப் பதிலா காலை எட்டு மணிக்கு வைக்கலாமான்னு கேட்டு ஊக்குநர்கள் தீர்மானம் போடுங்க. நூலகத் திண்ணை கிழக்கு பார்த்தது இல்லை, அதனால எட்டரை வரைக்கும் நல்ல நிழல் இருக்கும். நான் போன் கொண்டு வர்றேன். ஒவ்வொருத்தரையும் தனித்தனியா எடுப்போம், பேனர் கிடையாது. தூணுக்குப் பின்னாடி யாராவது போனா பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுங்க. மழை வந்தா அதுக்கு அடுத்த வாரம்.