பாலையும் வாழ்வும்



வேனிலையும் நண்பகலையும் பாலைக்குரிய பொழுதுகளாகத் தொல்காப்பியம் வகுத்தது. பொருள் தேடிப் பிரிதலைப் பாடும் திணையும் அதுவே. ஆனால் தமிழர் கண்ட பாலை, மழை பெய்தால் மீண்டும் தளிர்க்கும் நிலம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ராஜஸ்தானின் தார்ப் பாலையில் மக்கள் கோடையை எங்ஙனம் வெல்கின்றனர்? அங்குள்ள பலோடி நகரில் 2016 மே 19 அன்று வெப்பம் 51 பாகை செல்சியஸைத் தொட்டது.

மனித உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. அதனினும் சூடான காற்று மேனியில் பட்டால் வெம்மையையே ஏற்றும். எனவே அம்மக்கள் தளர்ந்த பருத்தியாடையால் உடலை மூடுகின்றனர், தலைப்பாகை அணிகின்றனர். ஜெய்சல்மேரின் பழைய தெருக்கள் குறுகியவை. ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டுக்குக் குடையாகிறது. தடித்த கற்சுவர்கள் பகல் வெம்மை உள்ளே புகுவதைத் தாமதப்படுத்துகின்றன. கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சும் கூழ், இழந்த நீரையும் உப்பையும் ஒருங்கே மீட்டுத் தருகிறது.

இவற்றினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. வறண்ட காற்றில் வியர்வை அரும்பியவுடன் உலர்ந்துவிடும். உடல் நீரிழப்பதை உடையவரே அறியார். தாகம் எடுக்குமுன் பருகுவதே உயிர்காப்பு.

நிழலும் கற்சுவரும் வீட்டிலிருப்போர்க்கு உதவும். வெட்டவெளியில் கல் சுமப்போர்க்கு யார் துணை? ஐக்கிய அரபு அமீரகம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்தவெளிப் பணியைத் தடைசெய்கிறது. பொருள்வயின் பிரிந்து அப்பாலையில் உழைக்கும் தமிழர்க்கும் அவ்விதியே நிழல். அந்நிழல் நம் ஊர்ச் சாலைப் பணியாளர்க்கும் வேண்டும்.